வாங்காமல் வாங்கிய வீடு

1

தமிழில் 'வாங்கு' என்ற வினைச்சொல்லுக்குப் பாகுபாடே கிடையாது. கடையில் அரிசி வாங்குகிறோம், காசு கொடுத்து. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறோம், காசு கொடுக்காமல். மார்க் வாங்குகிறோம், உழைத்து. வாத்தியாரிடம் அடி வாங்குகிறோம், கேட்காமலே. கொடுத்துப் பெற்றதா, சும்மா வந்ததா, தலையில் வந்து விழுந்ததா என்றெல்லாம் அந்தச் சொல் பார்ப்பதில்லை. உன்னிடம் வந்து சேர்ந்ததா? அப்போ நீ வாங்கினாய். அவ்வளவுதான்.

லண்டனில் ஒரு ஃபிளாட் வாங்க முயன்ற மாதங்களில் இங்கிலாந்தின் முத்திரைத் தீர்வைச் சட்டத்தைக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தமிழே தெரியாமல் நம் 'வாங்கு'வைக் கையாண்டிருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. அங்கே 'முதல்முறை வாங்குபவர்' என்று ஒரு வகை உண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக வீடு வாங்குகிறவருக்கு வரியில் சலுகை. கேட்கும்போது எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாத்தா செத்து, அவர் வீட்டில் உங்களுக்கு ஒரு பங்கு வந்திருந்தால்? அதற்கு நீங்கள் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டீர்கள், எங்கும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை 'வாங்கியவர்'. இனி வாழ்நாளில் நீங்கள் முதல்முறை வாங்குபவர் ஆகவே முடியாது.

இது நியாயமா என்பது ஒரு கேள்வி. நியாயமில்லை என்றால் நான் என்ன செய்யலாம் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியைப் பற்றி இணையத்தில் எவ்வளவோ புலம்பல் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் கணக்கு.

இந்தச் சலுகை 2017 நவம்பர் 22 அன்று, அப்போதைய நிதியமைச்சர் பிலிப் ஹாமண்டின் பட்ஜெட்டில் வந்தது. முதல்முறை வாங்குபவருக்கு 3,00,000 பவுண்டு வரை வரி இல்லை. 3,00,000க்கு மேல் 5,00,000 வரையுள்ள தொகைக்கு 5 சதவீதம். வீட்டின் விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகையே கிடையாது. 2022 செப்டம்பரில் இந்த வரம்புகளை 4,25,000, 6,25,000 என்று உயர்த்தினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பழையபடி இறக்கிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு 1,25,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கும் மேல் 9,25,000 வரை 5 சதவீதம். ஆக, 4,00,000 பவுண்டுக்கு ஒரு ஃபிளாட் வாங்கினால் முதல்முறை வாங்குபவர் கட்டுவது 5,000. மற்றவர் கட்டுவது 10,000. வித்தியாசம் 5,000 பவுண்டு. லண்டனில் வாடகை கொடுத்துக்கொண்டே டெபாசிட் சேர்க்கிற ஒருவருக்கு இது பல மாதச் சேமிப்பு.

'முதல்முறை' என்பதைச் சட்டம் எப்படி வரையறுக்கிறது? குடியிருப்பு வீடு எதிலும் இதற்கு முன் உரிமை பெறாதவராக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கியிருந்தாலும், தானமாக வந்திருந்தாலும், வாரிசாக வந்திருந்தாலும் ஒன்றுதான். வீடு இங்கிலாந்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம். முழு வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு பங்கு போதும். இன்றைக்கும் அது உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, எப்போதோ இருந்தால் போதும். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இரண்டு பேருமே இந்த அர்த்தத்தில் 'முதல்முறை'யாக இருக்க வேண்டும். ஒருவர் இல்லையென்றால் இருவருக்கும் சலுகை போச்சு.

இனி என் கணக்கு. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அவர் உயில் எழுதாமல் இறந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, பெரியப்பா, அப்பா, அத்தை நான்கு பேருக்கும் கால் கால் பங்கு. பிறகு அப்பாவும் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய கால் பங்கு அம்மா, நான், தங்கை, பாட்டி என்று மறுபடி நான்காகப் பிரிந்தது. எனக்கு வந்தது பதினாறில் ஒரு பங்கு. ஊரில் அந்த வீட்டுக்கு 32 லட்சம் மதிப்புச் சொல்கிறார்கள். என் பங்கு 2 லட்சம் ரூபாய், அதாவது 2,000 பவுண்டுக்கும் குறைவு. கையில் வந்த பணம் அல்ல அது. அந்த வீட்டில் பெரியப்பா குடியிருக்கிறார், பாட்டி இருக்கிறாள். எந்தச் சுவர் என்னுடையது என்று யாராலும் காட்ட முடியாது.

ஆக, 2,000 பவுண்டுக்கும் குறைவான ஒன்று எனக்கு 'இருப்பதால்' 5,000 பவுண்டு சலுகை போகிறது. என் மனைவி பெயரில் எங்கும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனால் இருவர் சம்பளத்தையும் காட்டினால்தான் வங்கி கடன் தரும் என்பதால் சேர்ந்துதான் வாங்க வேண்டும். அவளுடைய 'முதல்முறை'யும் என் பதினாறில் ஒன்றில் கரைந்துவிடுகிறது.

நான் அந்தப் பங்கைக் கேட்கவில்லை. அப்பாவின் உயிர் பிரிந்த நொடியில் சட்டம் அதைத் தானாக என் மேல் வைத்தது. அந்த நேரத்தில் இங்கே நள்ளிரவு, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மாநில வாரியாகப் பார்த்தால் இன்னும் வினோதம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பாலேயே உரிமை என்பது மிதாக்ஷர மரபு. தமிழ்நாடு 1989இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து பெண்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. 2005இல் இந்தியா முழுக்க அது வந்தது. பிறந்தவுடன் உரிமை தருகிற ஒரு சட்டமும், உரிமை ஒருபோதும் வந்திருக்கக் கூடாது என்கிற இன்னொரு சட்டமும் ஒரு மனிதரின் வாழ்க்கையில் சந்தித்தால் என்ன ஆகும்? தொட்டிலில் கிடக்கும்போதே 'முதல்முறை' முடிந்துபோன குழந்தை என்று ஒன்று இருக்க முடியுமா?

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கசக்கிறது. எத்தனை வீடுகளில் அப்பா செத்த சில மாதத்தில் மகளைக் கூப்பிட்டு, அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்! "கல்யாணத்துக்குத்தான் செஞ்சாச்சே, உனக்கு எதுக்கும்மா?" அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிவிடுகிறாள். அவள் கையில் அந்த வீட்டின் சாவி ஒரு நாளும் இருந்ததில்லை. பிறகு ஒரு நாள் அவள் லண்டனில் நர்ஸாக வேலை பார்த்து, சொந்தமாக ஒரு சின்ன ஃபிளாட் வாங்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் அது அவளுடையதாக இருந்தது, இல்லையா? இருந்ததால்தானே எழுதிக் கொடுக்க முடிந்தது? விட்டுக்கொடுத்த பத்திரமே அவளிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகிவிடுகிறது.

3

இப்போது சட்டத்தின் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். அதற்கும் சொல்ல இருக்கிறது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். இந்த விதி எனக்கு ஒரு பூலியனாகத் தெரிகிறது. ஒரு கொடி. ஆரம்பத்தில் பூஜ்யம், ஒரு தடவை ஒன்று ஆகிவிட்டால் திரும்பப் பூஜ்யம் ஆகாது. இப்படிப்பட்ட கொடிகளை நாங்கள் விரும்பித்தான் எழுதுகிறோம். சோதிப்பது சுலபம், விவாதத்துக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக 'உண்மையில் அனுபவித்தாரா', 'மனதார ஏற்றுக்கொண்டாரா' என்று எழுத ஆரம்பித்தால் ஒவ்வொரு வழக்கும் ஒரு குடும்ப நாவல் ஆகிவிடும். வரி அதிகாரி எங்கள் வீட்டுப் பங்காளிச் சண்டையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அரசாங்கம் என் குடும்பத்தின் உள்ளே எட்டிப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு மரியாதையும் இருக்கிறது.

இன்னொன்று. எல்லா வாரிசும் என்னைப் போல இல்லை. லண்டனில் அம்மாவின் முழு வீடும் ஒரே மகனுக்கு வருகிறது, அவர் அதை 6,00,000 பவுண்டுக்கு விற்கிறார், அடுத்த வருடம் 4,00,000க்கு ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு "நான் முதல்முறை வாங்குகிறேன்" என்கிறார். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஆனால் இந்தச் சலுகை அவருக்காக உண்டானதல்ல என்று யாருக்கும் தெரியும். ஆகவே வாரிசு என்றாலே விட்டுவிடு என்று சொல்வதும் சரியில்லை.

இந்த இரண்டு வாதங்களையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு விஷயம் உறுத்துகிறது. இதே வரியின் இன்னொரு அட்டவணையில் இதே சட்டம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

இங்கிலாந்தில் ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருப்பவர் கூடுதலாக இன்னொரு வீடு வாங்கினால் வரிக்கு மேல் ஒரு கூடுதல் வரி உண்டு. 2016 ஏப்ரலில் 3 சதவீதமாக ஆரம்பித்தது, 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதம். 4,00,000 பவுண்டு ஃபிளாட்டுக்கு இது மட்டும் 20,000. அங்கேயும் வெளிநாட்டு வீடு கணக்கில் வரும், வாரிசாக வந்த வீடும் கணக்கில் வரும். ஆனால் அங்கே விதி நிதானமாக யோசிக்கிறது. உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் அதைக் கண்டுகொள்வதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரிசாக வந்த பங்கு பாதிக்கு மேல் போகவில்லை என்றால் அதையும் கண்டுகொள்வதில்லை. வாரிசுப் பங்கு என்பது நாம் தேடிப்போனதல்ல, உடனே விற்றுக் காசாக்க முடிவதும் அல்ல என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆக ஒரே நாளில், ஒரே ஃபிளாட்டுக்கு, ஒரே வரிப் படிவத்தில் நான் இரண்டு ஆள். கூடுதல் வரிக்கு வரும்போது கும்பகோணத்து வீடு என்னுடையதாக எண்ணப்படுவதில்லை. சலுகைக்கு வரும்போது எண்ணப்படுகிறது. பின்னத்தை எடைபோடுவது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. கூடுதல் வரி ஒரு சுமை, சலுகை ஒரு கொடை. ஒருவர் மேல் சுமையை ஏற்றும்போது அரசாங்கம் கவனமாக இருக்க வேண்டும். கொடையை மறுக்கும்போது அவ்வளவு கவனம் தேவையில்லை, ஏனென்றால் அது உன்னுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. பந்தியில் பாயசம் வரவில்லை என்று வழக்குப் போட முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எது சுமை, எது கொடை என்பது எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 10,000 பவுண்டுதான் இயல்பான வரி என்றால் 5,000 கட்டுகிறவருக்குக் கொடை கிடைக்கிறது. 5,000தான் இயல்பு என்றால் 10,000 கட்டுகிறவர் மேல் சுமை விழுகிறது. லயம் மர்ஃபியும் தாமஸ் நேகலும் 2002இல் எழுதிய 'தி மித் ஆஃப் ஓனர்ஷிப்' என்ற புத்தகத்தின் மையமே இதுதான். வரிக்கு முன்னால் இயற்கையாக இருந்த ஒரு நிலை என்று எதையும் வைத்துக்கொண்டு அங்கிருந்து லாப நஷ்டம் பார்க்க முடியாது. சொத்து என்பதே சட்டமும் வரியும் சேர்ந்து உண்டாக்கியது. ஆகவே முழு ஏற்பாடும் சேர்ந்து யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 5,000 பவுண்டு என்பது 5,000 பவுண்டுதான். கொடை என்று பெயர் வைத்ததால் அதை அலட்சியமாகப் பங்கிடும் உரிமை வந்துவிடாது.

4

என்னை உண்மையில் தொந்தரவு செய்வது இதைவிடப் பெரிய ஓட்டை.

என் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற பையனை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் லண்டனில் இவனைச் சந்திக்காமல் ஒரு வாரம் கழிக்க முடியாது. அவனுடைய பாட்டி இறந்தபோது அவனுக்கு 2,00,000 பவுண்டு ரொக்கமாக எழுதி வைத்திருந்தார். அவன் அதை டெபாசிட்டாகப் போட்டு ஃபிளாட் வாங்குகிறான். சட்டப்படி அவன் முதல்முறை வாங்குபவர். சலுகை உண்டு. எனக்கோ 2,000 பவுண்டுக்கும் குறைவான ஒரு பின்னம் ஓட்டு வீடாக வந்தது. சலுகை இல்லை.

பாட்டியின் அன்பு ரொக்கமாக வந்தால் கொடி பூஜ்யத்திலேயே இருக்கும், ஓடாக வந்தால் ஒன்றாகிவிடும். இங்கே பணத்துக்கு 'அம்மா அப்பா வங்கி' என்று செல்லப் பெயரே உண்டு. அந்த வங்கியில் கணக்கு உள்ளவர்களை இந்தச் சலுகை எதுவும் கேட்பதில்லை. விவசாய ஊரில், பங்கு பிரியாத வீட்டில் பிறந்தவர்களைத்தான் கேட்கிறது. இங்கிலாந்துக்காரர்களிலும் அப்படித்தான். வடக்கே ஒரு பழைய சுரங்க ஊரில் விலைபோகாத வீட்டில் நாலில் ஒரு பங்கு வந்தவருக்கும் என் நிலைதான். இது இனத்தைப் பற்றிய விஷயம் இல்லை. சொத்து எந்த வடிவத்தில் வந்தது என்பதைப் பற்றியது.

தமிழில் தாயம் என்பது பரம்பரைச் சொத்துக்கும் பெயர், தாயக்கட்டையில் விழும் ஒன்றுக்கும் பெயர். தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்க முடியாது. ரொனால்ட் டுவார்கின் 1981இல் இரண்டு வகை அதிர்ஷ்டங்களைப் பிரித்தார். தெரிந்தே எடுத்த பந்தயத்தில் வருவது ஒன்று. நாம் எதுவும் செய்யாமலே நம் மேல் விழுவது இன்னொன்று. எந்த வீட்டில் பிறக்கிறோம் என்பது இரண்டாவது வகை. அந்த வகை அதிர்ஷ்டத்தால் வந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத்தான் சமத்துவம் வேண்டும் என்பது அந்த வழி வந்த சிந்தனை.

முதல்முறை வாங்குபவருக்கான சலுகையை இந்தக் கண்ணால் பார்த்தால் அதன் நோக்கம் நல்லதே. தாயம் விழாதவர்களையும் கட்டத்துக்குள் இறக்குவது. தாமஸ் பெயின் இதைவிட நேராகவே கேட்டார். ஒரு காலத்தில் வரி வசூல் அதிகாரியாக வேலை பார்த்தவர் அவர். 1797இல் வெளியான 'அக்ரேரியன் ஜஸ்டிஸ்' என்ற சிறு நூலில், வாரிசாகக் கைமாறும் சொத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஒரு நிதி உண்டாக்கி, 21 வயது நிரம்பும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு தர வேண்டும் என்றார். கவனியுங்கள், ஒவ்வொருவருக்கும். 'உனக்கு ஏற்கெனவே ஏதாவது வந்ததா' என்று அவர் கேட்கவில்லை. வாங்க வேண்டியதைச் சொத்துக் கைமாறும் இடத்தில் அளவு பார்த்து வாங்கிக்கொண்டார். கொடுக்கும் இடத்தில் யாரையும் சோதிக்கவில்லை.

இன்றைய விதி தலைகீழ். தாயம் விழுந்ததா என்று கேட்கிறது, எவ்வளவு விழுந்தது என்று கேட்பதில்லை. கட்டத்துக்கு வெளியே நிற்கும் காயைப் பார்த்து "நீ எப்போதோ ஆடியவன்" என்கிறது.

ஊரில் சாவுத் தீட்டு பதினாறாம் நாள் கருமாதியோடு கழிந்துவிடும். அதன் பிறகு கோயிலுக்குப் போகலாம். தீட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அதற்குக்கூட ஒரு முடிவு நாள் வைத்திருக்கிறார்கள். அப்பா இறந்ததால் என் மேல் ஒட்டிய இந்த ஆங்கிலேயத் தீட்டுக்கு முடிவு நாளே கிடையாது. பங்கை விற்றாலும் போகாது, எழுதிக் கொடுத்தாலும் போகாது. 'முதல்' என்கிற சொல்லிலேயே ஏதோ ஒரு தூய்மை எண்ணம் ஒளிந்திருக்கிறது. தேவையைப் பார்க்க வேண்டிய இடத்தில் தூய்மையைப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

5

இனி இரண்டாவது கேள்வி.

வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. உலகில் எங்காவது, எப்போதாவது குடியிருப்பு வீடு ஒன்றில் உங்களுக்கு உரிமை இருந்ததுண்டா, வாரிசாக வந்தது உட்பட? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நான் 'இல்லை'யில் டிக் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் லண்டனுக்கும் நடுவில் எந்தக் கம்பியும் ஓடவில்லை.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "நமக்கு அங்க என்னப்பா இருக்கு? ஒரு திண்ணைகூட முழுசா இல்ல. இல்லன்னு போடு" என்றாள். பக்கத்தில் மாமா இருந்தார். ஃபோனை வாங்கி, "ஏன்டா, வெள்ளைக்காரன் இங்க வந்து வில்லங்கம் போட்டுப் பாக்கவாடா போறான்?" என்றார். கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மாமா கேட்டது நல்ல கேள்வி. விதி அநியாயம் என்று நான் நம்புகிறேன். பொய் சொன்னால் நியாயமான முடிவு கிடைக்கும். மாட்டிக்கொள்ளவும் வழியில்லை. பிறகு ஏன் உண்மை சொல்ல வேண்டும்?

'சட்டம் என்றால் சட்டம்' என்பது எனக்குப் போதுமான பதிலாக இல்லை. அநியாயமான சட்டத்தை மீறுவதற்கு மரியாதைக்குரிய மரபு உண்டு. ஆனால் அந்த மரபில் வந்தவர்கள் பகிரங்கமாக மீறினார்கள். உப்பு அள்ளியவர்கள் கடற்கரையில், எல்லோரும் பார்க்க அள்ளினார்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு கட்டத்தில் டிக் செய்வது விதியை எதிர்ப்பதாகாது. விதி மற்ற எல்லோருக்கும் அப்படியே இருக்கட்டும், எனக்கு மட்டும் வேண்டாம் என்று தனியாக வாங்கிக்கொள்கிற விலக்கு அது.

மாமாவின் வாதத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த வரி நாமே கணக்குச் சொல்லிக் கட்டுகிற வரி. வீடு கைமாறிய 14 நாளுக்குள் படிவம் போட்டுப் பணம் கட்ட வேண்டும். நாம் சொல்வதை நம்பித்தான் ஏற்பாடு நிற்கிறது. இந்த நம்பிக்கை உடைந்தால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். அசல் கொண்டு வா, நகலில் அதிகாரி கையெழுத்து வாங்கி வா, வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா, இல்லாததற்கும் சான்றிதழ் கொண்டு வா. வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்றால் இரண்டு மடங்காகக் கொண்டு வா. 'அவனால் கண்டுபிடிக்க முடியாது' என்று நான் சாதகமாக எடுத்துக்கொள்கிற அதே விஷயம், எனக்குப் பின்னால் வரும் என் ஊர்க்காரன் மேல் சந்தேகமாக விழும். அங்கே வீடு இல்லாமல், உண்மையிலேயே 'இல்லை' என்று டிக் செய்கிற ஒருத்திதான் அந்தச் சந்தேகத்துக்கு விலை கொடுப்பாள்.

நான் 'ஆம்' என்றுதான் போட்டேன். 10,000 கட்டினேன். வீரமாக எதுவும் உணரவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் தெளிவாயிற்று. விதி தவறு என்று சொல்லும் என் குரலுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றால், விதிக்கு உட்பட்டவனாக நின்றுதான் சொல்ல வேண்டும். ரகசியமாக வெளியேறியவனுக்கு விதி மாற வேண்டும் என்பதில் அதற்குப் பிறகு அக்கறை இருக்காது.

6

அப்படியானால் என்ன செய்யலாம்? வழிகள் இல்லாமல் இல்லை.

அயர்லாந்தில் முதல்முறை வாங்குபவருக்கான 'ஹெல்ப் டு பை' திட்டம், ஒருவர் வீட்டை விலைக்கு வாங்கியிருக்கிறாரா, கட்டியிருக்கிறாரா என்று பார்க்கிறது. வாரிசாகவோ தானமாகவோ வந்த வீடு தகுதியைக் கெடுப்பதில்லை. இதில் லண்டன் வீட்டை 6,00,000க்கு விற்ற மகனும் உள்ளே வந்துவிடுவார். வேல்ஸ் இன்னொரு வழி. அங்கே இந்த வரியில் 'முதல்முறை' என்கிற வகையே கிடையாது. பிரதான வீட்டுக்கு 2,25,000 பவுண்டு வரை எல்லோருக்கும் வரி இல்லை. யாரையும் எதுவும் கேட்பதில்லை. தாமஸ் பெயினுக்குப் பிடித்திருக்கும்.

என்னைக் கேட்டால், இங்கிலாந்து புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். கூடுதல் வரிக்கு வைத்திருக்கும் 40,000 பவுண்டு எல்லைக்கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் போதும். வாரிசாக வந்த பங்கின் மதிப்பு அதற்குக் கீழே என்றால் கொடி பூஜ்யத்திலேயே இருக்கட்டும். சோதிப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது, ஒரு மதிப்பீட்டுச் சான்று தேவைப்படும். ஆனால் பக்கத்து அறையில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்காகப் பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சலுகையே அவ்வளவு நல்ல பொருள்தானா என்பதில் சந்தேகம் உண்டு. 2017இல் அறிவித்த அன்றே பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொன்னது, இதனால் வீட்டு விலை சுமார் 0.3 சதவீதம் ஏறும், முக்கியமாக லாபம் அடைபவர்கள் ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள் என்று. வாங்குபவர் கையில் கொடுத்த காசு விற்பவர் பைக்கு நடந்துபோகும். உள்ளே விடப்படாதவனாக நான் புலம்பும்போது, உள்ளே இருப்பது விருந்தா என்றும் ஒரு முறை எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். வாடகை கொடுத்தே காலம் தள்ளுகிறவர்களுக்கு, 4,00,000 பவுண்டு ஃபிளாட் வாங்கும் என் 5,000 பவுண்டு வருத்தம் எப்படிக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு சமூகம் யாரை 'இல்லாதவர்' என்று ஒப்புக்கொள்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. எப்போதாவது இருந்ததா என்று கேட்பது ஒன்று, இப்போது இருக்கிறதா என்று கேட்பது வேறு. இருந்ததால் உனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது மூன்றாவது. உதவி செய்ய நினைக்கிறவர் மூன்றாவதைத்தான் கேட்பார்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், நாலு வயது. நானும் உயில் எழுதாமல் போய்விட்டால் என் பதினாறில் ஒன்று அம்மா, மனைவி, மகள் மூன்று பேருக்கும் பிரியும். மகளுக்கு நாற்பத்தெட்டில் ஒன்று வரும். அவள் பிள்ளைகளுக்கு அதிலும் ஒரு பங்கு. ஓடு சரிந்து, சுவர் கரைந்து, அந்தப் பின்னம் தலைமுறைக்குத் தலைமுறை பூஜ்யத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. கொடி மட்டும் ஒவ்வொருவருக்கும் முழுசாக ஒன்று என்றே இருக்கும். அந்த ஊரையே பார்த்திராத ஒருத்தி, லண்டனில் ஏதோ ஒரு படிவத்தில், எந்த வீடு என்றே தெரியாமல் 'ஆம்' என்று டிக் செய்ய வேண்டியிருக்கும். அவள் உண்மையைத்தான் சொல்வாள் என்று நம்ப எனக்கு ஆசை. அதற்குள் கேள்வி மாறியிருக்க வேண்டும் என்றும் ஆசை.